நெல் கொட்டகையில் எம்.ஏ. எழுதியவர்

எதிரில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் நம்பர் கூப்பிடாமல் அவர் நெல்லைத் தொட மாட்டார். "பதினெட்டு... பதினெட்டு யாருங்க?" என்பார். பதினெட்டு அவர் மூக்குக்கு நேரேதான் நிற்கும். "நான்தான் சார், வேற யாரு இருக்கா இங்க?" என்று அது சொல்லும். சீட்டை வாங்கிப் பார்ப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் "வாங்க" என்பார்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே இருக்கிற நெல் கொள்முதல் கொட்டகையில் இரண்டு பருவம் பில் எழுதினார். ஊரே அவரைப் பில்லு சார் என்றுதான் கூப்பிட்டது. பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஊதா மை பில்லுக்கு, கறுப்பு மை வேறு எதற்கோ. கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து போய், சாக்குத் தைக்கிற சணலால் கட்டியிருந்தார்.

குறுவை அறுப்பும் தீபாவளியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த வருடம் அது. எனக்கு ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. வீட்டுக்காரர் போனபிறகு நானேதான் பார்க்கிறேன். அறுத்து, டிராக்டரில் ஏற்றி, கொட்டகை வாசலில் கொட்டிவிட்டு, சீட்டும் வாங்கிவிட்டேன். நம்பர் இருபத்தாறு. ஆனால் எடை போடவில்லை. உள்ளே மூட்டை கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அதை ஏற்றிப் போக வேண்டிய லாரிக்காரர்களெல்லாம் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். உள்ளே இடம் இல்லாமல் வெளியே இருக்கிற நெல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவரவர் குவியலுக்குப் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்துவிட்டோம். கடல் பக்கம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவோம், வெயில் வந்தால் ரோட்டில் பரப்பிக் காயவைப்போம். வீட்டுக்கும் போக முடியாது, நெல்லையும் விட முடியாது.

சிங்கப்பூரிலிருந்து மகன் போன் போட்டான். "எவனாவது வியாபாரிகிட்ட தள்ளிட்டு வீட்டுக்குப் போம்மா. நல்ல நாளும் அதுவுமா ரோட்டுல உக்காந்திருக்க."

"தள்ளுறதுக்கு அது என்ன குப்பையாடா? வெளைவிச்சது நானு. உக்காந்துதான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பில்லு சாரும் எங்களைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியும் பெண்ணும் வேதாரண்யம் பக்கம் சொந்த ஊரில். உள்ளே அடுக்கியிருக்கிற மூட்டைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. லாரி வந்து ஏற்றிப் போகிறவரை நகரக் கூடாது. எங்களுக்காவது பேச ஆள் இருந்தது. அவர் காலிச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டே இருப்பார். எடை போடாத நாளில் அப்படி என்ன பில் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன தம்பி, பில்லு ஆத்தங்கரை மாதிரி போய்க்கிட்டே இருக்கு?" என்று கேட்டேன்.

"பில்லு இல்லைங்க பெரியம்மா. கட்டுரை. எம்.ஏ. தமிழ் படிக்கிறேன், தபால்ல."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதாங்க."

நாலு பாடமாம். பாடத்துக்கு ஒரு கட்டுரை. சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தஞ்சாவூரில் இருக்கிற படிப்பு மையத்தில் நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். படிப்பில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அறுப்பு வந்து குறுக்கே நிற்கும், கட்டுரை நின்றுபோகும். இந்த வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அதைத் தாண்டினால் இதுவரை எழுதித் தேறின பரீட்சையெல்லாம் செல்லாமல் போய்விடும்.

"முடிச்சா என்ன தம்பி கெடைக்கும்? வாத்தியார் வேலையா?"

"அதுக்கெல்லாம் வயசு போயிடுச்சுங்க. ஒண்ணும் கெடைக்காது." பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "முடிஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு காரியத்தை முடித்தவர் என்று பெயர் எடுக்க ஆசைப்படுகிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் அவர் எழுதுகிற விதம் இருக்கிறதே, பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். முதல் கட்டுரையை இரண்டு நாளில் முடித்துவிட்டார். இரண்டாவது ஏதோ திறனாய்வு என்று. அதில் மாட்டிக்கொண்டார். ஒரு வரி எழுதுவார், இரண்டு வரி அடிப்பார். மூன்றாவதும் நாலாவதும் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சதை முதல்ல எழுதித் தள்ளேன் தம்பி. தெரியாதது கடைசியில கெடக்கட்டும்."

"வரிசை கெட்டுடும் பெரியம்மா."

"உன் தாளுக்குள்ள எந்த மகராசன் வந்து வரிசையில நிக்கிறான்?"

சிரித்தார். ஆனால் மூன்றாவதைத் தொடவில்லை. ஒன்றரை நாள் அந்த இரண்டாவதோடு மல்லுக்கு நின்றார்.

அப்புறம் வந்த மூன்றாவது மருத நிலத்தைப் பற்றி. அந்தக் காலத்துப் பாட்டில் வயலும் வயல் சார்ந்த ஊரும். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பார், எழுதினது காதுக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க. நான் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே கேட்பேன். வயல்காட்டு ஊரில் புருஷன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறான், பெண்டாட்டி கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி, வயக்காட்டுப் பாட்டுங்கிற. அறுக்குறவ நடுறவ யாரும் அதுல இல்லையா?"

"இருக்காங்க பெரியம்மா. ஓரத்துல. அறுக்கும்போது பறை அடிப்பாங்க, அந்தச் சத்தத்துக்குப் பறவையெல்லாம் எழுந்து பறக்கும்னு வரும்."

"அறுத்த நெல்லை என்ன பண்ணுனாங்களாம்?"

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதைப் பத்தி நான் படிச்ச வரைக்கும் யாரும் பெருசா கவலைப்பட்ட மாதிரி தெரியலைங்க" என்றார். இரண்டு பேரும் என் குவியலைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம். அதை ஒரு பத்தியாகவே கட்டுரையில் சேர்த்துவிட்டார். மார்க் போடுவார்களோ குறைப்பார்களோ தெரியாது என்றார்.

இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு கூத்து. அவருடைய வழக்கம், எந்தத் தாளை எழுதி முடித்தாலும் கொட்டகையின் வட்ட முத்திரையைக் குத்திவிட்டுத்தான் கீழே வைப்பார். வருடக்கணக்காகப் பழகின கை. முதல் கட்டுரை முடிந்த சந்தோஷத்தில் பதினொரு பக்கத்துக்கும் டப் டப் என்று குத்திவிட்டார். கடைசித் தாளில் குத்தும்போதுதான் உறைத்திருக்கிறது. முத்திரையைக் கையில் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, கட்டுரையை கோடவுனுக்கு அனுப்பப் போறியா?" என்று நான் கேட்டதும் வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தப் பதினொரு பக்கத்தையும் திரும்ப முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். ஒரு நாள் போயிற்று. எழுதி முடித்ததும் முத்திரையை எடுத்துக்கொண்டுபோய், எழுந்து நடந்தால்தான் எடுக்க முடிகிற மாதிரி தராசுக்கு அந்தப்புறம் வைத்தார்.

எனக்கு அடுத்த நம்பர் இருபத்தேழு. அது அவருடைய மாமனார். பக்கத்து ஊர்க்காரர், வாய் பெரிய வாய். வந்த முதல் நாளே மருமகனிடம் நேரே போனார்.

"மாப்ளே, லாரி வந்ததும் நம்மள்தை முதல்ல போட்டுடு. நல்ல நாளு வருதுல்ல."

"நம்பர் என்னங்க மாமா?"

"நம்பரா? யோவ், உனக்குப் பொண்ணு குடுத்தவன்யா நான்!"

"அது தெரியுதுங்க மாமா. சீட்டு நம்பர் சொல்லுங்க."

மாமனார் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா? இவனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிறதுக்கே, எனக்கு முன்னாடி எத்தனை பேரு பொண்ணு வச்சிருக்காங்கன்னு கேட்டிருப்பான்."

மாமனார் வீடு கூப்பிடு தூரம். பில்லு சார் ஒரு வேளைகூட அங்கே போய்ச் சாப்பிட்டதில்லை. டீக்கடை இட்லிதான். சோற்றில் கை வைத்தால் நெல்லுக்குச் சிபாரிசு வரும் என்று பயம். தீபாவளி அன்றைக்கு மாமியார் பொறுக்க முடியாமல் ஒரு தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்பினார். அதை என்ன செய்தார் தெரியுமா? வெளியே கொண்டுவந்து வைத்து, பத்தொன்பதிலிருந்து நம்பர் கூப்பிட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். எனக்கு ஒரு அதிரசம் வந்தது. சுட்ட வீட்டுக்காரர் இருபத்தேழு, அவருக்குக் கடைசியில் உடைந்த முறுக்கும் தூளும். "எங்க வீட்டு எண்ணெய்யா இது!" என்று அவர் கத்தினார். அன்றைக்குப் புதுச்சேலை கட்டாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம்தான் தீபாவளி வெடி.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. செவ்வாய்க்கிழமை பேய் மழை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடி, என் குவியலின் அடிநெல் நனைந்தது. மறுநாள் காலையில் கையை விட்டுப் பார்த்தேன், சுட்டது. இரண்டு மூன்று நெல் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. ரோட்டில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்து, ஈரம் பார்க்கிற மிஷினுக்கு ஒரு கை நெல்லை எடுத்துப் போனேன்.

"இன்னும் ஈரம் இருக்கு பெரியம்மா. காயணும்."

"நீயெல்லாம் மனுசனா தம்பி? எட்டு நாளா உன் எதிர்லயே கெடக்கேன்."

"மிஷினு சொல்றதுங்க. உங்க நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டேன், அது மட்டும் நான் சொல்றேன்."

அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினேன். வியாழக்கிழமை நல்ல வெயில். நெல் காய்ந்தது. சாயங்காலம் முதல் லாரி வந்து நின்றது. மூட்டை ஏற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது பில்லு சார் முகம் கழுவி, நாலு கட்டுரையையும் உரச்சாக்கின் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தோள்பைக்குள் வைத்திருந்தார். நாலாவதின் கடைசி வரியைக் காலையில்தான் எழுதினாராம். என்னிடம் வந்து, "முடிஞ்சுதுங்க பெரியம்மா" என்றார். நான் கோபத்தில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு மணிக்குத் தஞ்சாவூர் பஸ். அதைப் பிடித்தால் மூன்றரைக்குள் போய்விடலாம். அதை விட்டால் அடுத்தது போய்ச் சேர்வதற்குள் அலுவலகம் மூடிவிடும். பஸ்ஸுக்கு முன்னால் எத்தனை நம்பர் முடிகிறதோ அத்தனை, மிச்சம் சனிக்கிழமை என்று அவர் முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பத்தொன்பது, இருபது என்று ஓடியது. ஆட்கள் வேர்வையில் குளித்துக்கொண்டு தூக்கினார்கள். இருபத்தைந்து முடிந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. கடல் பக்கம் வானம் தார் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது.

மாமனார் எழுந்து வந்தார். அந்த ஆள் அப்படிப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை.

"மாப்ளே, நீ கெளம்பு. எந்நெல்லு கெடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம். இப்பவே போயி ஸ்டாப்புல நில்லு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு நான்தான். நானும் நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். என் கண் வானத்தில் இருந்தது. ஒரு தடவை முளைவிட்ட நெல். இன்னொரு மழை தாங்காது. நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கெஞ்சி வாங்கினதில்லை, என் முறையை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அவர் என்னைச் சங்கடத்தில் நிறுத்தவில்லை. கடியாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இருபத்தாறு" என்று கூப்பிட்டார். நான் சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், இன்னொரு தரமும் பார்த்தார். "வாங்க பெரியம்மா."

ஈரம் சரியாக இருந்தது. ஆட்கள் ஓடி ஓடித் தூக்கினார்கள், எனக்காக இல்லை, அவருக்காக. கடைசி மூட்டை உள்ளே போனபோது ஒரு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. பில்லை எழுதிக் கிழித்தார். இனி நான் இரண்டு இடத்தில் ஒப்பம் வைக்க வேண்டும், பில்லில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. அதன்கீழ் அவர் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை மூடினால் முடிந்தது.

பதிவேட்டுக்குப் பக்கத்தில் மை அட்டை திறந்து இருந்தது. கட்டை விரலை வைத்து எடுத்தால் இரண்டு நொடி.

எனக்குக் கைநாட்டு வைக்கிற பழக்கம் இல்லை. நாற்பது வயதில் ஒரு அலுவலகத்தில், ஆட்கள் பார்க்க, என் கட்டை விரலை ஒருவர் பிடித்து, ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற மாதிரி மையில் அழுத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் என் பெயரை எழுதிப் பழக ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு இதையும் ஊர்ந்து ஊர்ந்து எழுதுகிறேன். என் பெயரில் ஏழு எழுத்து. வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தோடு எட்டு.

நான் மை அட்டையைப் பார்த்ததை அவர் பார்த்தார். அதை மூடி அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, கறுப்பு மைப் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

முதல் கையெழுத்தில் நாலாவது எழுத்தில் இருந்தேன். பஸ் ஹாரன் கேட்டது. மாமனார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். "இருய்யா! ஒரு நிமிசம் இருய்யா! எம் மருமவன் வர்றான்!" என்று கத்துவது கேட்டது. நான் ஐந்தாவது எழுத்தைப் போட்டேன். ஒரு எழுத்து கோணினால் எனக்கு மனது கேட்காது, இழுத்துச் சரிசெய்தேன். பில் முடிந்தது. பதிவேட்டைத் திருப்பினார். காற்றில் தாள் படபடத்தது. அது நகராமல் இருக்க இரண்டு விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போடுங்க பெரியம்மா" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் குரலில் அவசரம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் நானும் அவசரப்பட்டிருப்பேனோ என்னவோ. இரண்டாவது கையெழுத்தில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே மழை இறங்கியது. எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மழை. மாமனாரின் மொபெட்டில் போகலாம் என்றால் காகிதம் கூழாகிவிடும்.

மாமனார் சொட்டச் சொட்ட வந்து நின்றார். வேட்டி நுனியைப் பிழிந்தார், என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பஸ் போயிடுச்சே தம்பி" என்றேன்.

"போகட்டுங்க." என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். மை காய ஊதினார். அப்புறம் நிமிர்ந்து, "இருபத்தேழு" என்றார்.

திங்கள்கிழமை அவர் தஞ்சாவூர் போனதாகவும், கட்டுரையை வாங்கவில்லை என்றும் மாமனார்தான் அப்புறம் சொன்னார். வீட்டில் கேட்டதற்கு, மிஷின் கெட்டுப்போய் நேரமாகிவிட்டது என்று சொன்னாராம். "நாலையும் எம் பொண்ணு பட்டுப்பொடவைக்கு அடியில வச்சிருக்கா. அந்துப்பூச்சி வரக்கூடாதுன்னு வேப்பிலை போட்டு" என்றார். அடுத்த பருவத்துக்கு அவர் எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. எந்த ஊரில் போட்டார்களோ தெரியாது.

இப்போது பில் எழுதுகிற பிள்ளை நல்ல சுறுசுறுப்பு. நான் கிட்டே போகும்போதே மை அட்டையைத் திறந்து முன்னால் நகர்த்துகிறான். வரிசை நீண்டு நிற்கும், பின்னால் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு தடவையாவது கட்டை விரலை நீட்டிவிடலாம் என்று ஒவ்வொரு பருவமும் வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். கிட்டே போனதும் பேனாவைத்தான் கேட்கிறேன். நாலாவது எழுத்து வந்ததும் கை தானாக நிற்கிறது. தலையைத் தூக்கி ரோட்டைப் பார்க்கிறேன், பஸ் ஏதும் நிற்கிறதா என்று. இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஐந்தாவதைப் போட முடிகிறது.